பழைய ஃபைல் சர்வருக்கு அடுத்து எது? நான்கு வழிகளின் ஒப்பீடு

பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. அலுவலக மூலையில் ஒரு ஃபைல் சர்வர், அதாவது எல்லோருக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் கணினி, ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோருடைய கணினியிலும் அது இசட் டிரைவாகத் தெரிகிறது. வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹார்டு டிஸ்க் ஒன்று எச்சரிக்கை விளக்கைக் காட்டத் தொடங்கிவிட்டது. புதிய சர்வர் வாங்குவதா, எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றிவிடுவதா?

பலருக்கு இந்த முடிவைத் தள்ளிப்போட நேரமும் இல்லை. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. திருத்தங்கள் போடாத கணினியில் கோப்புகளை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) காட்டியது. கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வரில் உள்ளதை ஒரே மூட்டையாகக் கருதி முடிவெடுக்காதீர்கள். அதற்குள் மூன்று நான்கு வகைக் கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் பொருத்தமான இடம் வேறு.

## முதலில் அளவுகோல்கள்

கோப்புகளின் வகை. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக எடை கொடுக்கிறேன். வேர்டு, எக்செல், பிடிஎஃப் போன்றவை எந்த வழியிலும் ஒத்துப்போகும். ஆட்டோகேட் வரைபடங்கள், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எக்செல் தாள்கள், இன்டிசைன் பக்க வடிவமைப்புகள், வீடியோ ஆகியவை அப்படியல்ல. ஆக்சஸ் தரவுத்தளம், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு, அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பு ஆகியவை மூன்றாவது வகை. பார்வைக்கு இவையும் கோப்புகள்தான். ஆனால் திறந்திருக்கும் நேரம் முழுவதும் இவற்றுக்குள் எழுதுதல் நடந்துகொண்டே இருக்கும். கிளவுட் மாற்றங்களில் பெரும்பாலான சங்கடங்கள் இந்த மூன்றாம் வகையிலிருந்துதான் வருகின்றன.

பதிவேற்ற வேகம். இணைய நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது பதிவிறக்க வேகத்தை. நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது. 2 டெராபைட் தரவை விநாடிக்கு 50 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, இணைப்பு முழுவதையும் இதற்கே கொடுத்தாலும், ஏறத்தாழ 89 மணி நேரம் ஆகும். பகலில் மற்றவர்களும் அதே இணைப்பில் வேலை செய்வார்கள் என்பதால் ஒரு வாரம் என்று கணக்கிடுவது நல்லது. லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் இன்னும் நீளும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகச் செலவாகும் நேரம் ஒன்று உண்டு.

மீட்பு. இரண்டு கேள்விகளுக்கு முதலாளியே பதில் சொல்ல வேண்டும். கோப்புகள் இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? கடைசியாகச் செய்த எத்தனை மணி நேர வேலையை இழந்தால் பரவாயில்லை? "எதையும் இழக்கக் கூடாது" என்று சொன்னால் அதற்கான செலவுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பார்த்துக்கொள்ளும் ஆள். சர்வரைப் புதுப்பிக்கவும், பேக்கப் ஓடியதா என்று பார்க்கவும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடவும் பெயர் சொல்லிக் குறிப்பிடக்கூடிய ஒருவர் இருக்கிறாரா?

ஐந்தாண்டு மொத்தச் செலவும், பிற்காலத்தில் வெளியேறும் வழியும் மீதி இரண்டு அளவுகோல்கள். இவற்றை ஒவ்வொரு வழியிலும் பார்க்கலாம்.

## வழி 1: அலுவலகத்திலேயே புதிய பெட்டி, வெளியே பேக்கப்

பழைய சர்வருக்குப் பதிலாக ஒரு நாஸ் பெட்டியையோ (அலுவலக வலையில் இணைத்துக் கோப்புகளைப் பகிரும் டிஸ்க் பெட்டி) சிறிய புதிய சர்வரையோ வைப்பது. சைனாலஜி, க்யூநாப் போன்றவற்றின் பெட்டிகளை இந்த அளவு நிறுவனங்கள் அதிகம் வாங்குகின்றன. இசட் டிரைவ் அப்படியே இருக்கும், ஊழியர்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம். பெரிய வரைபடங்களும் வீடியோக்களும் அலுவலக வலையின் வேகத்தில் திறக்கும். இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது.

மறைந்திருக்கும் செலவு பேக்கப்பில் இருக்கிறது. ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பிக்க, பல டிஸ்க்குகளில் தரவைப் பரப்பி வைக்கும் ரெய்டு முறை உதவும். தவறுதலாக அழித்த கோப்புறையையோ, ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளையோ, தீயில் எரிந்த அலுவலகத்தையோ அது மீட்டுத் தராது. ஆகவே 3-2-1 என்ற பழைய விதி இங்கே கட்டாயம்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். வேறு இடத்துப் பிரதிக்கு அமேசான் எஸ்3 போன்ற பொருள் சேமிப்புச் சேவைகள் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், கோப்புகளைக் கிளவுட்டில் மொத்தமாகப் போட்டுவைக்கும் இடம்) மலிவானவை. குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியும் அவற்றில் இருக்கிறது. மிக மலிவான காப்பக அடுக்குகளைத் தேர்வதற்கு முன் நிபந்தனைகளைப் படியுங்கள். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் குறைந்தது 180 நாள் கட்டணம் உண்டு. கேட்ட கோப்பு கைக்கு வர வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகலாம்.

இன்னொரு ஆபத்து வீட்டிலிருந்து வேலை. ஊழியர்கள் வெளியிலிருந்து நுழைய வேண்டும் என்பதற்காக நாஸ் பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் அப்படித் திறந்துகிடந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் பாதுகாப்பான தனி இணைப்பு) இல்லாமல் இந்த வழியில் வெளியிலிருந்து அணுகவே கூடாது.

இது யாருக்குப் பொருந்தும்: எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள், கோப்புகள் பெரியவை, இணையம் நம்பகமற்றது, பராமரிக்க ஆள் உண்டு. கட்டடக் கலைஞர் அலுவலகமும் வீடியோ படத்தொகுப்புக் கூடமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

## வழி 2: ஷேர்பாயின்ட், கூகுள் டிரைவ் போன்ற கூட்டுப்பணித் தளங்கள்

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ் சந்தாவை மின்னஞ்சலுக்காக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் ஏராளம். அதிலேயே சேமிப்பிடமும் அடங்கியிருப்பதால் "இருப்பதைப் பயன்படுத்தலாமே" என்று தோன்றுவது இயல்பு. பல நேரங்களில் அதுவே சரியான முடிவும்கூட. ஒரே எக்செல் தாளில் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கைப்பேசியிலும் திறக்கலாம். வாடிக்கையாளருக்கு இணைப்பு ஒன்றை அனுப்பிவிட்டுப் பிறகு அதை ரத்தும் செய்யலாம்.

ஆனால் இது ஃபைல் சர்வர் அன்று. கோப்புறைகள் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். பிரச்சினைகள் எங்கெங்கே முளைக்கும் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, இடம். ஷேர்பாயின்ட்டில் பொதுச் சேமிப்பு நிறுவனத்துக்கு 1 டெராபைட், அதோடு உரிமம் ஒன்றுக்கு 10 ஜிகாபைட். பதினைந்து பேர் கொண்ட நிறுவனத்துக்கு 1 டெராபைட்டும் 150 ஜிகாபைட்டும். ஒவ்வொருவருக்கும் ஒன்டிரைவில் தனியாக 1 டெராபைட் கிடைக்கும் என்று யாராவது சொல்லலாம். அது அவரவர் இடம். பொதுக் கோப்புகளை அங்கே வைத்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கோப்புகளைத் தேட வேண்டிவரும். பழைய பதிப்புகளும் இதே இடத்திலிருந்துதான் கழிகின்றன என்பதால் கணக்குப் போட்டதைவிட வேகமாக நிரம்பும்.

இரண்டாவது, பெயரும் நீளமும். ஷேர்பாயின்ட்டில் கோப்புப் பாதையின் மொத்த நீளம் 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. அதைக் கணினியோடு ஒத்திசைத்தால் விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பும், எக்செல்லின் 218 எழுத்து வரம்பும் குறுக்கே வரும். "2014 திட்டங்கள், இறுதி, இறுதி திருத்தியது, வாடிக்கையாளர் பார்த்தது" என்று அடுக்கடுக்காக வளர்ந்த கோப்புறைகளில் இது நிச்சயம் இடிக்கும்.

மூன்றாவது, ஒத்திசைவு. இசட் டிரைவ் போலவே வேண்டும் என்று ஊழியர்கள் முழு நூலகத்தையும் (ஷேர்பாயின்ட்டில் கோப்புகளை வைக்கும் தொகுப்பு) தம் கணினியோடு ஒத்திசைக்கப் பார்ப்பார்கள். மொத்தம் 3 லட்சம் கோப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பதே மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. ஒரு சராசரி சர்வரில் அதைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே முழு சர்வரையும் ஒரே நூலகத்தில் கொட்டாமல், துறைவாரியாகவோ திட்டவாரியாகவோ பிரிக்க வேண்டும். இந்தப் பிரிப்பு வேலைக்கு ஆகும் நேரத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

நான்காவது, பூட்டுதல். ஃபைல் சர்வரில் ஒருவர் திறந்திருக்கும் வரைபடத்தை இன்னொருவர் திறந்தால், படிக்க மட்டும் என்ற எச்சரிக்கை வரும். ஒத்திசைவில் அவரவர் கணினியில் அவரவர் பிரதி இருப்பதால், ஆட்டோகேட் உருவாக்கும் பூட்டுக் கோப்பு அடுத்தவர் கணினிக்குத் தாமதமாகவே போய்ச் சேரலாம். இருவரும் திருத்தி இருவரும் சேமிப்பார்கள். முடிவில் ஒரே வரைபடத்துக்கு இரண்டு பிரதிகள், எதில் எது சரி என்று யாருக்கும் தெரியாது. ஆக்சஸ் தரவுத்தளத்தையும் பிஎஸ்டி கோப்பையும் இங்கே வைத்துப் பலர் பயன்படுத்தினால் கோப்பே கெட்டுப்போகலாம். அதை முயன்றுகூடப் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது, அனுமதிகள். கோப்புறைக்குள் கோப்புறையாக, "இவருக்கு மட்டும் கிடையாது" என்று ஆண்டுக்கணக்கில் செய்த ஏற்பாடுகள் அப்படியே வராது. விண்டோஸில் உள்ள மறுப்பு அனுமதி என்ற கருத்தே ஷேர்பாயின்ட்டில் இல்லை. சம்பளக் கோப்புறை மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றால், அனுமதிகளை மேல்மட்டத்தில் எளிமையாகப் புதிதாக வடிவமைப்பது ஒன்றே வழி.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. ஷேர்பாயின்ட்டில் அழித்தது குப்பைத்தொட்டியில் 93 நாள் இருக்கும். கூகுளின் பகிர்வு டிரைவில் 30 நாள், அதற்குப் பின் நிர்வாகி மட்டும் மீட்கக்கூடிய 25 நாள். அதற்கு அப்பால் கவனித்தால் கோப்பு போனதுதான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் கணக்குக் கோப்பு அழிந்ததை யாரும் 93 நாளுக்குள் கவனிக்கப் போவதில்லை. தனியாக ஒரு பேக்கப் சேவைக்குச் சந்தா கட்டுவதையும் இந்த வழியின் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பொருந்தும் இடம்: அலுவலக ஆவணங்களே பெரும்பகுதி, ஊழியர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள், தொழில்நுட்ப ஆள் யாரும் இல்லை.

## வழி 3: கிளவுட்டில் ஒரு ஃபைல் ஷேர்

அஸூர் ஃபைல்ஸ், அமேசான் எஃப்எஸ்எக்ஸ் போன்றவை இந்த வகை. உண்மையான எஸ்எம்பி பகிர்வு, ஆனால் வன்பொருள் உங்களுடையது அன்று. இசட் டிரைவ் தொடரும், பூட்டுதல் சரியாக நடக்கும், விண்டோஸ் அனுமதிகளையும் பெரும்பாலும் அப்படியே கொண்டுவரலாம். காகிதத்தில் பார்த்தால் இதுதான் நேரடியான மாற்று.

நடைமுறையில் தொலைவு தன் வேலையைக் காட்டும். எஸ்எம்பி அதிகம் பேசும் நெறிமுறை. ஒரு கோப்புறையைத் திறக்கவே கணினிக்கும் சர்வருக்கும் இடையே பல தடவை கேள்வியும் பதிலும் போய்வரும். அலுவலக வலையில் ஒரு போய்வரவுக்கு ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. தரவு மையம் 40 மில்லி விநாடி தொலைவில் இருந்து, ஐம்பது போய்வரவுகள் தேவைப்பட்டால், 2 விநாடி. ஒவ்வொரு சொடுக்குக்கும் 2 விநாடி காத்திருக்கும் ஊழியர் ஒரு வாரத்துக்குள் கோப்புகளைத் தன் மேசைக் கணினியில் நகலெடுத்து வைக்கத் தொடங்கிவிடுவார். அப்புறம் பேக்கப் என்ற பேச்சுக்கே பொருளில்லை. இணைப்பின் வேகத்தைக் கூட்டுவதால் இந்தத் தாமதம் குறையாது.

எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை (வலைப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்) பல இணைய நிறுவனங்கள் அடைத்துவைத்திருப்பதால், பெரும்பாலும் விபிஎன் அமைக்க வேண்டிவரும். கட்டணத்திலும் கவனம் தேவை. அஸூர் ஃபைல்ஸின் பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் வாங்கும் அடுக்குகளில் இடத்துக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு படித்தலுக்கும் எழுதுதலுக்கும் கட்டணம் சேரும். எல்லாக் கோப்பையும் தினமும் தொட்டுப்பார்க்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றே மாதக் கட்டணத்தை உயர்த்திவிடும். எஃப்எஸ்எக்ஸ் விண்டோஸ் பகிர்வில் இடத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியும் வேண்டும்.

கணினிகளே கிளவுட்டில் ஓடும் நிறுவனத்துக்கு, அதாவது ஊழியர்கள் தொலை மேசை வழியாக வேலை செய்யும் இடத்துக்கு, இது மிகச் சிறந்தது. அங்கே கணினியும் பகிர்வும் ஒரே தரவு மையத்தில் இருப்பதால் தாமதம் என்ற பிரச்சினையே எழாது. மற்றவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

## வழி 4: கலப்பு

இதில் இரண்டு வடிவங்கள் உள்ளன. ஒன்று, அலுவலகத்தில் சிறிய விண்டோஸ் சர்வரை வைத்துக்கொண்டு அஸூர் ஃபைல் சின்க் போன்ற சேவையால் முழுத் தரவையும் கிளவுட்டில் வைப்பது. அடிக்கடி திறக்கும் கோப்புகள் உள்ளூரில் இருக்கும். தூங்கும் கோப்புகளுக்குப் பெயர் மட்டும் இருக்கும், தொட்டால் கிளவுட்டிலிருந்து இறங்கிவரும். இரண்டு மூன்று கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு நன்றாக உதவும். ஆனால் கிளவுட் பகிர்வில் நேரடியாக ஒரு கோப்பை மாற்றினால் சர்வர் அதை அறிய 24 மணி நேரம் வரை ஆகலாம். இந்த ஏற்பாட்டை அறியாத பேக்கப் மென்பொருளை ஓடவிட்டால் தூங்கும் கோப்புகள் அத்தனையையும் எழுப்பி இறக்கிவிடும்.

இன்னொன்று எளிமையானது, சிறு நிறுவனங்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்: வகை பார்த்துப் பிரிப்பது. ஆவணங்கள் ஷேர்பாயின்ட்டுக்கோ கூகுள் டிரைவுக்கோ போகட்டும். வரைபடங்களும் வீடியோக்களும் ஒரு சிறிய நாஸில் இருக்கட்டும். பல ஆண்டுகளாகத் தொடாத பழைய திட்டங்களை மலிவான பொருள் சேமிப்பில் வையுங்கள். கணக்கு மென்பொருளின் தரவை அந்த மென்பொருளின் இணையப் பதிப்புக்கோ தனிக் கணினிக்கோ மாற்றுங்கள். இரண்டு இடங்களைப் பராமரிக்க வேண்டும், எது எங்கே என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அந்தச் சிரமம் உண்மைதான். தவறான இடத்தில் வைத்த கோப்புகளோடு தினமும் போராடுவதைவிட அது குறைவு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புதிய பெட்டி | கூட்டுப்பணித் தளம் | கிளவுட் ஃபைல் ஷேர் | கலப்பு |
|---|---|---|---|---|
| அலுவலக ஆவணங்கள் | நன்று | மிக நன்று | நன்று | மிக நன்று |
| பெரிய வரைபடம், வீடியோ | மிக நன்று | சிரமம் | தாமதம் | மிக நன்று |
| தரவுத்தளக் கோப்பு | முடியும் | கூடாது | பரிந்துரைக்க முடியாது | உள்ளூர்ப் பகுதியில் முடியும் |
| இணையம் அறுந்தால் | வேலை தொடரும் | ஒத்திசைத்தவை மட்டும் | நிற்கும் | பாதி தொடரும் |
| பராமரிப்புச் சுமை | அதிகம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| செலவின் இயல்பு | முதலில் மொத்தமாக | ஆள் கணக்கில் மாதந்தோறும் | இடமும் பயன்பாடும் சேர்த்து | இரண்டும் |
| எளிதில் மறக்கும் செலவு | வெளியிடப் பேக்கப், மின்சாரம் | பேக்கப் சந்தா, மறுசீரமைப்பு நேரம் | விபிஎன், பயன்பாட்டுக் கட்டணம் | இரட்டைப் பராமரிப்பு |

## கிளவுட் என்றால் கவலையில்லை என்ற எண்ணம்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப் சேவை தனியாக எடுக்காத வாடிக்கையாளர்களில் பலர் தரவை முற்றாக இழந்தார்கள். சேவையை ஓடவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு, தரவைக் காப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்பதே கிளவுட் ஒப்பந்தங்களின் பொதுவான அமைப்பு. வழி எதுவானாலும் இரண்டாவது பிரதி வேறொரு நிறுவனத்திடமோ உங்கள் கையிலோ இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விதிகளும் மாறும். "வேண்டிய அளவு இடம்" என்று விற்ற திட்டத்தை டிராப்பாக்ஸ் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. எல்லையில்லாத இடத்தை நம்பி ஐந்தாண்டுக் கணக்குப் போட்டவர்கள் அதைத் திருத்த வேண்டியிருந்தது. நல்ல செய்தியும் உண்டு: முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளரிடம் தரவை எடுத்துச்செல்லக் கட்டணம் வாங்குவதில்லை என்று 2024இன் தொடக்க மாதங்களில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அறிவித்தன. அன்றாட வெளியேற்றப் போக்குவரத்துக்கு அது பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## முடிவெடுத்த பிறகு

எந்த வழிக்கும் முன்வேலை ஒன்றுதான். ட்ரீசைஸ் அல்லது வின்டிர்ஸ்டாட் போன்ற கருவியால் சர்வரை அலசி, எந்த வகைக் கோப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது, எவை இரண்டு ஆண்டாகத் தொடப்படவில்லை என்று பட்டியல் எடுங்கள். நகர்த்த வேண்டிய அளவு பெரும்பாலும் நினைத்ததைவிடக் குறைவாகவே வரும். வேலையைத் தொடங்கிய பின் குப்பையைப் பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, ஆகவே இப்போதே செய்யுங்கள்.

நகலை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதல் பிரதியை மெதுவாக ஏற்றுங்கள். ஃபைல் ஷேர் அல்லது நாஸ் என்றால் விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி போதும். ஷேர்பாயின்ட்டுக்கு மைக்ரோசாஃப்ட்டே இலவச நகர்த்தல் கருவி தருகிறது. வரம்பு மீறும் பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும். கூகுள் டிரைவுக்கு ஒரு பயனர் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 750 ஜிகாபைட்தான் ஏற்ற முடியும். பிறகு ஒரு வார இறுதியில் பழைய பகிர்வைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, இடையில் மாறிய கோப்புகளை மட்டும் ஏற்றி முடியுங்கள். ஒன்றோடொன்று இணைந்த எக்செல் தாள்களை முதல் நாளிலேயே திறந்து சோதியுங்கள். அவற்றின் உள்ளே இசட் டிரைவ் முகவரி எழுதப்பட்டிருக்கும், அதைக் கையால் மாற்ற வேண்டிவரும்.

முதலில் ஒரு துறையை மட்டும் மாற்றுவது நல்லது. அதிகம் குறை சொல்லும் துறையைத் தேர்ந்தெடுத்தால் குறைகள் சீக்கிரம் வெளிவரும்.

பழைய சர்வரை உடனே அணைத்து விற்றுவிடாதீர்கள். மாதக் கணக்கு முடிப்பவர் முதல் மாதத்திலும், காலாண்டு அறிக்கை தயாரிப்பவர் மூன்றாம் மாதத்திலும்தான் ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று வருவார்கள். ஒரு நிதியாண்டு முடியும் வரை அதன் டிஸ்க்குகளைப் படிக்க மட்டும் என்ற நிலையில் பத்திரமாக வைத்திருங்கள். அதற்குப் பின் அவற்றை முறையாக அழித்துவிட்டு, அழித்த தேதியையும் அழித்தவர் பெயரையும் எழுதிவையுங்கள்.